வலி நின்ற எட்டு மாதங்கள்

ஏழு ஆண்டுகளாக மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த வலி, ஒரு கோடைக்குப் பிறகு வராமல் நின்றது. முதல் மாதம் நான் அதை நம்பவில்லை. இரண்டாம் மாதம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்ற அச்சம். நான்காம் மாதத்தில் மருத்துவரைப் பார்க்கப் போவதையே நிறுத்தினேன். எட்டாம் மாதத்தில் ஒரு காலை, பெல்ட்டின் கடைசித் துளையும் போதாமல், அடுப்பில் காய்ச்சிய ஆணியால் இன்னொரு துளை போட்டுக்கொண்டிருந்தேன். தோல் கருகும் வாடை சமையலறை முழுக்கப் பரவ, என் அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். "எத்தனை கிலோடா இருக்க இப்ப?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை எடை பார்த்தபோது 57 கிலோ. வலி நின்றபோது 68 இருந்தேன்.

நாள்பட்ட கணைய அழற்சியைப் பற்றி யாராவது என்னிடம் விசாரித்தால் நான் இந்த எட்டு மாதங்களிலிருந்துதான் தொடங்குவேன். இந்த நோயில் வலி போடும் கூச்சலில் மற்றவை எதுவும் காதில் விழுவதில்லை. நோயாளியும் வலியைப் பற்றியே பேசுகிறார், மருத்துவரும் வலியைப் பற்றியே கேட்கிறார். வலி அடங்கிவிட்டால் நோயே அடங்கிவிட்டது என்று இருவரும் மூச்சு விட்டுக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் செரிமானமும், இரத்தச் சர்க்கரையும், எலும்பும் தத்தம் வழியில் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர், எடை நூறு கிராமுக்கும் குறைவு. அதன் தலைப்பகுதியை முன்சிறுகுடல் வளைந்து அணைத்துக்கொண்டிருக்கிறது. வால் மண்ணீரல் வரை போகிறது. இவ்வளவு சிறிய உறுப்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் செரிமான நீரைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பைப் பிரிக்கும் லைப்பேஸ், மாவுப்பொருளைப் பிரிக்கும் அமைலேஸ், புரதத்தைப் பிரிக்கும் டிரிப்சின் ஆகிய நொதிகள் அந்த நீரில் இருக்கின்றன. இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் இருக்கிறது. இந்த வேலைக்கான திசுக்களுக்கு நடுவே தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்கள் இன்சுலினையும் குளுக்ககானையும் நேராக இரத்தத்தில் கலக்கின்றன. 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற இளம் ஜெர்மானிய மாணவர் தம் பட்ட ஆய்வில் இந்தத் தீவுகளை விவரித்தபோது அவை என்ன செய்கின்றன என்று அவருக்கே தெரியாது.

புரதத்தைச் செரிக்கும் நொதியைத் தயாரிக்கும் உறுப்பும் புரதத்தால் ஆனதுதான். ஆகவே டிரிப்சினைக் கணையம் செயலற்ற வடிவில், உறையிட்ட கத்தி போலத்தான் சுரக்கிறது. சிறுகுடலுக்கு வந்த பிறகே அங்குள்ள இன்னொரு நொதி அந்த உறையைக் கழற்றுகிறது. தவறிப்போய்க் கணையத்துக்குள்ளேயே சிறிது டிரிப்சின் விழித்துக்கொண்டால் அதைப் பிடித்து முடக்குவதற்கென்றே ஒரு காவல் புரதமும் உண்டு. இந்த ஏற்பாடு குலையும்போது கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்குகிறது. ஒரு முறை வந்து போகும் திடீர் அழற்சியிலிருந்து பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். அழற்சி மீண்டும் மீண்டும் வந்தாலோ, உள்ளே ஓயாமல் கனன்றுகொண்டிருந்தாலோ, காயம் பட்ட இடங்களில் நார்த்திசு படிந்து தழும்பாகிறது. செரிமான நீர் ஓடும் கணைய நாளங்கள் ஓரிடத்தில் சுருங்கி, வேறிடத்தில் வீங்கி, மணி கோத்த மாலையைப் போலாகின்றன. அவற்றுக்குள் அடைத்துக்கொண்ட புரதக் கட்டிகளில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கற்களாகின்றன. இப்படித் தழும்பான பகுதி மறுபடியும் கணையமாவதில்லை. இந்த நோயில் குணப்படுத்துதல் என்ற சொல்லை மருத்துவர்கள் கவனமாகத் தவிர்ப்பதற்குக் காரணம் அதுதான்.

எனக்கு முதல் தாக்குதல் வந்தது 29 வயதில். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் வலி. மல்லாந்து படுத்தால் கூடும். தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். இந்த நோயுள்ள யாரைக் கேட்டாலும் குனிந்து உட்கார்ந்த இரவுகளைப் பற்றிச் சொல்வார்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நாளாகக் குடிக்கிறீர்கள்?" என்பது. குடிப்பதில்லை என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. மது இந்த நோயின் முதன்மைக் காரணங்களில் ஒன்று என்பதும், குடிப்பவர் நிறுத்தினால் தாக்குதல்கள் குறைகின்றன என்பதும் உண்மை. ஆனால் குடித்துத்தான் இந்த நோய் வரும் என்பது உண்மையில்லை. மரபணுக் கோளாறு, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தோ டிரைகிளிசரைடு கொழுப்போ மிகுதல், உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தைத் தாக்கும் வகை, நாளத்தில் அடைப்பு என்று காரணங்கள் பல. எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாதவர்களும் கணிசமாக உண்டு. எதிர்ப்பாற்றலால் வரும் வகை ஸ்டீராய்டு மருந்துக்குப் பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படும் என்பதால், அதைத் தவறவிடாமல் கண்டுபிடிப்பது முக்கியம்.

குடிப்பதைப் பற்றி என்னிடம் பலமுறை கேட்டார்கள். புகைப்பதைப் பற்றி மூன்றாண்டுகள் யாரும் கேட்கவில்லை. நாளொன்றுக்குப் பத்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். மது இல்லாமலே புகையிலை தனித்து இந்த நோய்க்குக் காரணமாகிறது. வந்த நோயை விரைவுபடுத்தி, கற்கள் படிவதையும் முடுக்கிவிடுகிறது. இதை முதலில் எனக்குச் சொன்னவர் ஸ்கேன் அறிக்கையை விளக்கிய ஒரு மருத்துவர். போகிற போக்கில் சொன்னார். நான் அன்றே விட்டுவிடவில்லை. விட்டொழிக்க ஓராண்டு ஆயிற்று. இந்த நோயில் நோயாளியின் கையில் முழுக்க இருக்கும் சிகிச்சைகள் மதுவையும் புகையையும் விடுவது இரண்டும்தான் என்பதால், எனக்குப் போன அந்த நான்காண்டுகள் இன்னமும் உறுத்துகின்றன.

பின்னாளில் செய்த மரபணுப் பரிசோதனையில், டிரிப்சினை முடக்கும் காவல் புரதத்துக்கான ஸ்பிங்க்1 மரபணுவில் எனக்கு ஒரு மாற்றம் இருப்பது தெரிந்தது. கேட்டவுடன், இதோ காரணம் கிடைத்துவிட்டது என்று ஒரு நிம்மதி. ஆனால் மக்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேரிடம் அந்த மாற்றம் இருக்கிறது; அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கக் கணையத்தில் ஒன்றும் நேர்வதில்லை. அந்த மரபணுவை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. வேறு ஏதோ ஒன்றும் அதனோடு சேரவேண்டும். தலைமுறை தலைமுறையாக வரும் கணைய அழற்சிக்கு உரிய மரபணு வேறு. டிரிப்சினையே ஆக்கும் அந்த மரபணுவில் உள்ள மாற்றம் 1996-இல் கண்டறியப்பட்டது.

வலியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஐந்தாம் ஆண்டில் ஒருமுறை தாங்கமுடியாமல் போனபோது இரத்தத்தில் அமைலேஸும் லைப்பேஸும் இயல்பாக இருந்தன. பணியிலிருந்த இளம் மருத்துவர், "ரிப்போர்ட் நார்மலா இருக்கு, இது கணைய வலி இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார். திடீர் அழற்சியில் இந்த நொதிகள் இரத்தத்தில் பன்மடங்கு உயரும். ஆனால் பாதிக்குமேல் தழும்பாகிப்போன கணையத்தில் கசிந்து வர நொதியே அதிகம் இருக்காது. நாள்பட்ட கணைய அழற்சியில் அந்த அளவுகள் இயல்பாக இருப்பது சாதாரணம். இதேபோல, ஸ்கேனில் தெரியும் சேதத்துக்கும் வலிக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. கற்கள் நிறைந்த கணையத்தோடு வலியின்றி நடமாடுகிறவர்களும் உண்டு. படத்தில் சிறு மாற்றமே தெரிந்தும் வாழ்க்கை முடங்கியவர்களும் உண்டு. அடைப்பால் நாளத்துக்குள் அழுத்தம் ஏறுவது வலிக்கு ஒரு காரணம். அழற்சியில் ஊறிய நரம்புகள் தடித்துப் போவதும், ஆண்டுக்கணக்கில் வலிச் செய்தியே வந்துகொண்டிருந்ததால் தண்டுவடமும் மூளையும் சிறு தூண்டலையும் பெருவலியாக உணரப் பழகிவிடுவதும் வேறு காரணங்கள். கல்லை எடுத்த பிறகும் சிலருக்கு வலி நிற்காததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம். நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் போன்ற மருந்துகள் இங்கே உதவுவதும் அதனால்தான். மார்ஃபின் வகை மருந்துகள் வலியைக் குறைக்கும். நீண்டநாள் எடுத்தால் குடலின் இயக்கத்தைக் கெடுத்து, அவையே ஒருவகை வயிற்றுவலியை உண்டாக்கவும் கூடும்.

அடைப்பு இருந்தால் அதை நீக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது எண்டோஸ்கோப்பி: வாய் வழியே குழாயை இறக்கி, கணைய நாளத்தின் வாயை விரித்து, அது திறந்தே இருக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைப்பது; பெரிய கற்களை வெளியிலிருந்து அதிர்வலைகளால் தூளாக்கிய பிறகு எடுப்பது. இரண்டாவது அறுவைச் சிகிச்சை: வீங்கிய நாளத்தை நீளவாக்கில் பிளந்து சிறுகுடலின் ஒரு வளைவோடு இணைப்பது, தேவையானால் தலைப்பகுதியின் தழும்புத் திசுவைக் குடைந்தெடுப்பது. எனக்கு அதிர்வலையும் ஸ்டென்ட்டும்தான் செய்தார்கள். அறுவைச் சிகிச்சை என்பது எல்லாம் தோற்ற பிறகு வரும் கடைசிப் படி என்றே எல்லோரும் பேசினார்கள். நெதர்லாந்தில் நடந்து 2007-இலும் 2020-இலும் வெளியான இரண்டு ஒப்பீட்டு ஆய்வுகள் அந்த எண்ணத்தை அசைத்துவிட்டன. நாளம் வீங்கி வலியால் அவதிப்பட்டவர்களில், முதலிலேயே அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, எண்டோஸ்கோப்பியில் தொடங்கியவர்களைவிட வலி அதிகம் தணிந்தது. ஆய்வுகள் சிறியவைதான், இரண்டாவதில் 88 பேர் மட்டுமே. எல்லோருக்கும் பொருந்தும் என்றும் சொல்லமுடியாது. ஆயினும், நான்கைந்து முறை ஸ்டென்ட் மாற்றியவர் ஒரு முறையாவது கணைய அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் பேசியிருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து, நான் பேசவில்லை. மற்ற எதுவும் பலிக்காத சிலருக்குக் கணையத்தை முழுமையாக எடுத்துவிட்டு, அதிலிருந்து பிரித்த தீவுச் செல்களை அவர்களுடைய கல்லீரலிலேயே குடியேற்றும் சிகிச்சையும் உண்டு. 1977-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை அது. திரும்பி வர வழியில்லாத முடிவு என்பதால் மிகவும் யோசித்தே செய்கிறார்கள்.

இப்போது அந்த எட்டு மாதங்களுக்குத் திரும்புகிறேன். சுரக்கும் திசு போதிய அளவு அழிந்துவிட்டால் சிலருக்கு வலி தானாகவே தணிவதுண்டு. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று காத்திருக்கக்கூடாது, ஏனெனில் பலருக்கு நடப்பதில்லை. எனக்கு நடந்தது. நான் குணம் என்று கொண்டாடியது, எரிய விறகில்லாமல் அடுப்பு அணைந்ததைத்தான்.

கணையத்துக்கு இருக்கும் சேமிப்பு மிகப் பெரியது. லைப்பேஸ் சுரப்பு இயல்பில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன பிறகுதான் உண்ட கொழுப்பு செரிக்காமல் மலத்தில் வெளிப்படையாகப் போகத் தொடங்கும். அதனால்தான் இழப்பு ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து ஒரு நாள் தலை நீட்டுகிறது. அடையாளங்களைப் பேச எல்லோருக்கும் கூச்சம், எனக்கும் இருந்தது. ஆகவே நேராகவே எழுதிவிடுகிறேன். மலம் வெளிறி, அளவில் பெருத்து, கடும் நாற்றத்தோடு இருந்தது. தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகவில்லை. நீரின் மேல் எண்ணெய் வட்டங்கள் மிதந்தன. இதை நான் மாதக்கணக்கில் பார்த்தேன், ஒருவரிடமும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியை அளக்கும் எளிய பரிசோதனை இருக்கிறது. கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு இருக்கலாம். 100-க்குக் கீழே என்றால் கடுமையான குறைபாடு. எனக்கு 38. வயிற்றுப்போக்கு இருக்கும்போது மாதிரி கொடுத்தால் நீர் கலந்து அளவு பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்.

நான் ஏற்கெனவே கணைய நொதிகள் அடங்கிய என்சைம் கேப்சூல் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்பது இந்தக் கதையின் வேடிக்கையான பகுதி. யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்தது: 10,000 யூனிட் கேப்சூல், நாளுக்கு ஒன்று. காலையில் வெறும் வயிற்றில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கிவிடுவேன். ஒன்றரை ஆண்டு அப்படி விழுங்கினேன். எடை குறைந்த பிறகு அனுப்பப்பட்ட உணவியல் நிபுணர்தான், "மாத்திரைய எப்ப போடுறீங்க?" என்று கேட்ட முதல் ஆள். சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. மேசையிலிருந்த வெள்ளைத் தாளில் ஒரு கேப்சூலைத் திறந்து கொட்டினார். கடுகைவிடச் சிறிய, பழுப்பு நிற மணிகள் நூற்றுக்கணக்கில் உருண்டன. "இது மருந்து இல்லீங்க, உங்க சாப்பாட்டோட ஒரு பகுதி. சோத்துல உப்பு கலக்கிற மாதிரி இதுவும் கலக்கணும். சாப்பாடே இல்லாதப்ப இது யாரைச் செரிக்கும்?" என்றார்.

அந்த மணிகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சு இருக்கிறது. இரைப்பை அமிலத்தில் கரையாமல், சிறுகுடலில் அமிலம் தணிந்த இடத்தில் கரைவதற்காக அமைத்த பூச்சு. ஆகவே மணிகளை மெல்லக்கூடாது, பொடிக்கக்கூடாது, கொதிக்கும் பானத்தோடு விழுங்கக்கூடாது, வெயிலில் நிற்கும் வாகனத்தில் போட்டு வைக்கக்கூடாது. முழு உணவுக்குத் தொடக்க அளவாக 40,000 முதல் 50,000 யூனிட் லைப்பேஸும், சிற்றுணவுக்கு அதில் பாதியும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. உணவின் அளவையும் கொழுப்பையும் பொறுத்து மருத்துவர் கூட்டுவார். நான் ஒன்றரை ஆண்டு எடுத்தது, ஒரு வேளைக்குத் தேவையானதில் கால்பங்கு, அதுவும் உணவே இல்லாத நேரத்தில். முதல் கவளத்தோடு ஒன்று, பாதியில் ஒன்று என்று பிரித்து எடுத்தால் மணிகள் உணவோடு கலந்தே சிறுகுடலுக்குப் போகின்றன. பால் கலந்த ஒரு கோப்பைப் பானத்துக்கும் இது தேவை; வெறும் தண்ணீருக்கோ பழத்துக்கோ தேவையில்லை. சரியாக எடுத்தும் பலன் போதவில்லை என்றால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்ப்பார்கள். கணையம் பைகார்பனேட்டையும் சரியாகச் சுரக்காததால், சிறுகுடலிலும் அமிலம் தணியாமல் பூச்சு கரையாதிருக்கக்கூடும். இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. அதில் தயக்கம் உள்ளவர்கள் மனதுக்குள் வைத்துக்கொண்டு மருந்தை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுவது நல்லது.

கொழுப்பை நான் முழுக்க ஒதுக்கியிருந்தேன். எண்ணெயைக் கண்டாலே கணையம் சீறும் என்று முதல் ஆண்டில் யாரோ சொன்னதை வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். எடை குறைந்துகொண்டிருப்பவர் கொழுப்பையும் குறைப்பது, ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீரையும் குறைப்பதற்குச் சமம். இன்றைய வழிகாட்டுதல் வேறு: தாக்குதல் இல்லாத காலத்தில் கொழுப்பை வழக்கமாக ஒதுக்கவேண்டியதில்லை, புரதம் நிறைந்த உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்டு, அதற்கேற்ப நொதியை எடுக்கவேண்டும். மிகுதியான நார்ச்சத்துதான் நொதியின் வேலைக்கு இடைஞ்சல் என்றார் உணவியல் நிபுணர். ஆரோக்கியத்துக்கு நல்லது என்று எண்ணித் தவிட்டைத் தின்றுகொண்டிருந்தவன் நான்.

கேப்சூலைச் சரியாக எடுக்கத் தொடங்கிய மூன்றாம் வாரம் எடை ஏறியது, சர்க்கரையும் ஏறியது. செரிக்காமல் போய்க்கொண்டிருந்த உணவு உடலில் சேரத் தொடங்கியதும், இன்சுலின் பற்றாக்குறை வெளியே தெரிந்துவிட்டது. கணையம் சிதைவதால் வரும் இந்த நீரிழிவை வகை 3சி என்று தனியாகப் பிரிக்கிறார்கள். இன்சுலினோடு, சர்க்கரை இறங்கும்போது அதைத் தூக்கி நிறுத்தும் குளுக்ககானும் இல்லாமல் போவதுதான் இதன் ஆபத்து. ஒருமுறை இரவு உணவுக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு கேப்சூலை மறந்துவிட்டேன். உண்டது செரிக்கவில்லை, இன்சுலின் மட்டும் தன் வேலையைச் செய்தது. நள்ளிரவில் வியர்த்துக் கை நடுங்கி விழித்தபோது கருவி 52 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே உடனே சர்க்கரை எடுத்துக்கொள்ளவேண்டும். அக்கா குளுக்கோஸைக் கரைத்துக்கொடுத்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நீரிழிவு இல்லாத கணைய நோயாளிகளும் ஆண்டுக்கு ஒருமுறையாவது வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் மூன்று மாத சராசரியையும் பார்க்கவேண்டும் என்பதை எனக்கு ஏழு ஆண்டுகளில் எவரும் வற்புறுத்தவில்லை.

கொழுப்போடு சேர்ந்து கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வீணாகிப் போகின்றன. எலும்பு மெலிவது இந்த நோயில் பரவலானது. எலும்பு முறியும் வரை அது தெரிவதுமில்லை. எனக்கு அடர்த்திப் பரிசோதனையில், 37 வயதில், எலும்புத் தேய்வின் முதல் நிலை.

புற்றுநோயைப் பற்றிக் கேட்காத குடும்பம் இல்லை. ஆபத்து பொதுமக்களுக்கு உள்ளதைவிடப் பன்மடங்கு என்பது உண்மை. பல நாட்டு நோயாளிகள் இரண்டாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியான ஆய்வில், 20 ஆண்டுகளில் நூற்றுக்கு நான்கு பேருக்குக் கணையப் புற்றுநோய் வந்திருந்தது. மற்ற 96 பேரைப் பற்றியும் அந்த ஆய்வு சொல்கிறது என்று என் மருத்துவர் நினைவூட்டினார். பரம்பரையாக வரும் வகையில் ஆபத்து இதைவிட மிக அதிகம். கேப்சூலை ஒழுங்காக எடுத்தும் எடை மறுபடி இறங்கினால், மஞ்சள் காமாலை தென்பட்டால், பழகிய வலி தன் இடத்தையோ தன்மையையோ மாற்றிக்கொண்டால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறார். இரத்த வாந்தியோ கருநிற மலமோ கண்டால் அந்த நிமிடமே.

இப்போது என் நோட்டில் நான்கு பத்திகள் உள்ளன: எடை, சர்க்கரை, கேப்சூல், மலம். வலிக்கும் ஒரு பத்தி போட்டேன். பல வாரங்கள் காலியாகக் கிடந்ததால் அதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். இந்த வாரம் எடை 64.2. பெல்ட்டில் நான் சுட்ட துளைக்கு முன்னால் இரண்டு துளைகள் தள்ளிக் கொக்கி விழுகிறது. நேற்று இரவு சாப்பிட்டு எழுந்த பிறகு, தட்டின் ஓரத்தில் ஒரு கேப்சூல் விழுங்கப்படாமல் கிடந்தது. அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்து, இன்னும் இரண்டு வாய் போட்டுக்கொண்டு, அதனோடு அதை விழுங்கினேன்.